இவங்கள கூட்டிட்டு ஏரிக்கு போனதுக்கு

யோசெமிட்டி பார்க் வழியா டியோகா பாஸ் ஏறி மோனோ ஏரிக்கு ஃபேமிலியோட போனா நிம்மதியா இருக்கும்னு எவன் சொன்னான்? 9,943 அடி, கலிஃபோர்னியாலயே உசரமான ஹைவே கணவாய், பனிக்காலம் பூரா மூடிக்கெடக்கும், திறந்திருக்குற நேரமா பாத்து லீவு போட்டு கூட்டிட்டு போனா, பின் சீட்ல "அப்பா சிக்னல் இல்ல"ன்னு ஒரே ஒப்பாரி. வெளிய டெனாயா ஏரி போகுதுடா, தலைய தூக்குங்கடான்னா "இன்னும் எவ்ளோ நேரம்?" வீட்டம்மா ஒவ்வொரு வளைவுலயும் நிறுத்தச் சொல்லுவாங்க, நிறுத்துனா இறங்க மாட்டாங்க, குளுருதாம்!

சரி, மோனோ வந்தாச்சு. கடல விட ரெண்டு மடங்குக்கு மேல உப்பு, தண்ணி வெளிய போக வழியே இல்ல, 1941லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு ஓடைகள திருப்பிவிட்டதுல ஏரி வத்தி தண்ணிக்குள்ள தானா வளந்த சுண்ணாம்புப் பாறைக் கோபுரமெல்லாம் வெளிய வந்துச்சுன்னு ஆசையா ஆரம்பிச்சேன், "ஐயே ஈ!"ன்னு ஒரு கூச்சல். கரையெல்லாம் கருப்பா மொய்க்கும்தான், ஆனா அது கடிக்காது, நடந்தா தானா விலகிடும், பறவைங்களுக்கு அதான் சாப்பாடே. யாரு கேக்குறா? கார்ல ஏறி கதவ சாத்திட்டு ஏசி போடச் சொல்றாங்க. இப்பதான குளுருதுன்னீங்க?