முட்டைப்பை மட்டும் அடையாளம் ஆகாது
முட்டைகளைப் பையில் சுமக்கும் ஓட்டுடலிகள் (நண்டு, இறால் அடங்கிய விலங்குக் கூட்டம்) அனைத்தும் பெராகாரிடா என்னும் பெருவரிசையைச் சேர்ந்தவை என்று கட்டுரை சொல்வதை ஏற்க இயலவில்லை. மீன்குஞ்சுகளுக்கு இரையாக வளர்க்கப்படும் டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளும் முதுகுப்புற ஓட்டுக்குள் குஞ்சுகளைச் சுமக்கிறது, ஆனால் அது பிராங்கியோபோடா என்னும் வேறொரு வகுப்பு. பெராகாரிடாவில் பெரும்பாலானவற்றின் பை, பெண்ணின் மார்புக்கால்களின் அடியிலிருந்து வளரும் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உடலின் அடிப்புறத்தில் அமைவது. பூந்தொட்டியின் கீழே ஒளிந்திருந்த நில ஐசோபாடு (பெராகாரிடாவைச் சேர்ந்த, தரையில் வாழும் சிறு ஓட்டுடலி) ஒன்றைப் புரட்டி உருப்பெருக்கியில் பார்த்தபோது, கடைசி இணைக் கால்கள் இன்னும் முளைக்காத வெண்ணிறக் குஞ்சுகள் அத்தகடுகளுக்குப் பின்னால் அசைவதைத் தெளிவாகக் கண்டேன். தரையில் வாழும் உயிரினம் தன் குஞ்சுகளுக்கு வேண்டிய நீரை அந்தப் பையிலேயே தேக்கி வைத்திருப்பது எத்தகைய ஏற்பாடு! 1904இல் விலங்கியலாளர் கால்மன் இப்பெருவரிசையை வகுத்து, இறால் போன்ற மைசிடுகளை, தோற்றத்தில் அவற்றை ஒத்திருக்கும் கிரில்கள் என்னும் கடல் ஓட்டுடலிகளிடமிருந்து பிரித்தபோது இத்தகடுகளும் முக்கியச் சான்றாக இருந்தன. தகடுகளின்றி முதுகுப்புற ஓட்டுக்கடியில் குஞ்சுகளைச் சுமக்கும் தெர்மோஸ்பெனேசியா என்னும் ஓட்டுடலி வரிசையை எங்கே சேர்ப்பது என்ற விவாதத்தையும் கட்டுரை தொட்டிருக்க வேண்டும்.