மண்டபத்தில் கைதட்டியவர்களுக்கு

எல்லா குரூப்பிலும் அந்த ஆடியோ வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் நடந்ததைத்தான் சொல்கிறேன், சுங்கை சிப்புட்காரர்களுக்கு விளக்கம் வேண்டாம். சிறுநீரக நோய் பற்றிப் பேச வந்த டாக்டர், ஆய்வில் சேர விருப்பம் இருந்தால் பெயர் கொடுக்கலாம் என்று சொல்லி வாய் மூடவில்லை. அதற்குள் தலைவர் மைக்கை வாங்கி, "தோட்டத்துச் சனம் என்ன சோதனை எலியா?" என்றார். கைதட்டல், விசில் வேறு. பெயர் கொடுக்க எழுந்த பெரியவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

தலைவரே, நீங்கள் காலையில் போடுகிற பிரஷர் மாத்திரை எப்படி வந்தது? யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஊரில், ஆய்வுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதால் வந்தது. ஆய்வில் ஆள் சேராவிட்டால் மருந்து இல்லை. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

எம்பா-கிட்னி என்று ஓர் ஆய்வு, 2023-இல் வெளியானது. 8 நாடுகளில் 6,609 சிறுநீரக நோயாளிகள் சேர்ந்தார்கள். சீனி நோய்க்கு வந்த எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததில், நோய் முற்றுவதும் இதய நோயால் இறப்பதும் சேர்ந்து 28 விழுக்காடு குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்னதாகவே நிறுத்தினார்கள். அந்த 8 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. சேர்ந்த நம் நாட்டுக்காரர்களையும் எலி என்பாரா தலைவர்?

உடனே வருவீர்கள், தெரியும். "பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதானே?" ஆமாம். ஆனால் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தை யாரும் நிறுத்தவில்லை. "கம்பெனிக்கு லாபம்." ஆமாம், பணம் போட்டது கம்பெனிதான், நடத்தியது ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகம். லாபம் இல்லாமல் மண்டபம்கூட வாடகைக்குக் கிடைக்காது. "படிக்காத பாட்டிக்கு ஃபாரம் புரியுமா?" இது நியாயமான கேள்விதான். சரி, மைக்கைப் பிடுங்கின கையால் அந்த ஃபாரத்தை வாங்கித் தமிழில் படித்துச் சொல்லியிருக்கலாமே! யாராவது செய்தீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், எங்கள் அண்ணன். வாரம் 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ். ஊசி குத்தும் கையில் நரம்பு புடைத்து, தொட்டால் விர்ரென்று அதிரும். அம்மாதான் கிட்னி கொடுத்தார், பால்மரம் வெட்டி எங்களை வளர்த்த அதே அம்மா. இந்த நாட்டில் முதல் சிறுநீரக மாற்று 1975-இல் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. அன்று பயந்துகொண்டே படுத்த நோயாளி இல்லாமல் என் அண்ணன் இல்லை.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் வீட்டுக்கு வந்ததும் அத்தை பார்க்க வந்தார், தம்புன் பம்ளிமாஸோடு. ஆசையாக உரித்து, சுளை சுளையாகத் தட்டில் வைத்தார். அண்ணி தட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். வைத்த கிட்னியை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க அண்ணன் காலையும் இரவும் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரை, அந்தப் பழத்தோடு சேர்ந்தால் ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறிவிடும், அந்தக் கிட்னியையே கெடுத்துவிடும். இது யாருக்கு எப்படித் தெரிந்தது? சும்மா தெரிந்ததா? நோயாளிகள் ரத்தம் கொடுத்து, அளந்து பார்த்துத் தெரிந்தது.

அத்தை கோபித்துக்கொண்டார். போகிற போக்கில், "பெத்தவ கிட்னியையே புடுங்கிட்டான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அடுப்படியில் இருந்தார், அவர் காதில் விழுந்தது. அண்ணனுக்குக் கிட்னி தேடின காலத்தில் இந்தச் சொந்தத்தில் ஒருவர்கூட ரத்தப் பரிசோதனைக்காவது வருகிறேன் என்று சொல்லவில்லை. கேட்டால் வேலை, கல்யாணம், ஜாதகம், அப்புறம் போனே எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கைதட்டின வரிசையில் அவர்களில் சிலரையும் பார்த்தேன்.

நம் சனத்தின் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால், மைசெஜாதெரா என்ற அரசாங்க சுகாதார ஆப்பில் உறுப்பு தானத்துக்குப் பதிந்துவிட்டு வாருங்கள். பதிந்தால் மட்டும் போதாது, நாளைக்குக் குடும்பம் சம்மதிக்க வேண்டும். அதனால் வீட்டிலும் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு கீழே கமெண்டில் வந்து என்னோடு சண்டை போடுங்கள்.