பாயும் குதிரையின் கால்கள்: ஒரு திருத்தம்

அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச் சந்தைப் படத்தின் கீழே, பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் குதிரைப் பந்தய ஓவியத்தை நண்பர் இணைத்திருக்கிறார். முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்தில் பறப்பதே குதிரையின் உண்மையான பாய்ச்சல் என்றும், விலங்கோவியர்கள் உடற்கூறு கற்றவர்கள் என்பதே அதற்குச் சான்று என்றும் எழுதியிருக்கிறார். ஓவியம் அருமையானதுதான், ஆனால் அந்த நிலை குதிரைக்குக் கிடையாது.

1878இல் கலிபோர்னியாவில் ஒளிப்படக் கலைஞர் மைபிரிட்ஜ், ஓடுபாதையோரம் கேமராக்களை வரிசையாக வைத்து, குறுக்கே கட்டிய நூல்களில் குதிரை மோதும்போது ஒவ்வொன்றும் இயங்கும்படி செய்து எடுத்த படங்களில், நான்கு குளம்புகளும் தரையைவிட்டு எழுவது உண்மையே என்றாலும், அவை வயிற்றுக்கடியில் மடங்கிச் சேரும் கணத்தில்தான் அப்படி எழுகின்றன என்பது தெளிவாயிற்று. நீட்டிய நிலையிலும் பறப்பது வேட்டைநாய்தான். ஐயமிருந்தால், சந்தையில் குதிரையை ஓட்டிக்காட்டும்போது கைப்பேசியில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பாருங்கள்.

உடற்கூறு வாதமும் நிற்காது. குதிரை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற ஆங்கில ஓவியர் ஸ்டப்ஸ், இங்கிலாந்தின் ஹார்க்ஸ்டோ கிராமத்தில் ஏறத்தாழ 18 மாதங்கள், செத்த குதிரைகளைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, தோலையும் தசையையும் அடுக்கடுக்காக உரித்து வரைந்து, 1766இல் நூலாக வெளியிட்டார். எந்தத் தசை எந்த எலும்பைப் பற்றுகிறது என்பதை அது காட்டும். ஓட்டத்தில் எந்தக் கால் எப்போது மடங்கும் என்பதைச் செத்த உடல் காட்டாது. ஜெரிக்கோவைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை, வெறுங்கண்ணுக்கு அந்த வேகம் பிடிபடாது. பின்னாளில் பிரெஞ்சு ஓவியர் டெகா, மைபிரிட்ஜின் படங்களைப் பார்த்தும் குதிரைகளை வரைந்து பழகினார்.