999 அழைப்பு மைய வேலைக்கு நர்சிங் படிப்பு கட்டாயமா?

"பிரிட்டனில் 999 ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் வேலைக்கு நர்சிங் அல்லது பாராமெடிக் (ஆம்புலன்சில் வந்து அவசரச் சிகிச்சை தருபவர்) படிப்பு கட்டாயம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி, தகுதியுள்ளவர்கள் விண்ணப்பிக்காமலே ஒதுங்கிவிடுவார்களோ என்பதுதான் என் கவலை.

ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜிசிஎஸ்இ (அங்கே சுமார் 16 வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) அல்லது அதற்கு ஈடான தேர்ச்சியைப் பொதுவாகக் கேட்பார்கள். மற்றதை வேலையில் சேர்ந்த பிறகு அவர்களே கற்றுத் தருவார்கள். ஏனென்றால் அழைப்பை எடுப்பவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நோயாளி மூச்சு விடுகிறாரா என்பதில் தொடங்கி, திரையில் வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்க வேண்டும். பதில்களை வைத்து மென்பொருள் அவசரத்தை வகைப்படுத்தும். மூச்சு நின்றிருந்தால், பக்கத்தில் இருப்பவரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தச் சொல்லி, கூடவே சத்தமாக எண்ண வேண்டும். சிக்கலான அழைப்புகளைப் பார்க்கத் தனியாக நர்ஸ்களும் பாராமெடிக்குகளும் இருக்கிறார்கள். படிப்பு கேட்பது அந்த வேலைக்கு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

சரி, எதற்குத் தயாராவது? அழுதுகொண்டே ஒருவர் சொல்லும் தெருப் பெயரையும் போஸ்ட்கோடையும் கேட்கும்போதே பிழையில்லாமல் டைப் செய்யப் பழகுங்கள். டைப்பிங் தேர்வு பெரும்பாலும் இருக்கும். இரவு ஷிப்ட், வார இறுதி வேலை, அப்புறம் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இன் வேலைத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. இந்த வேலைக்குச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.