ஆபரேஷன் முடிந்தால் கணக்கும் முடிந்தது

எங்கள் பிளாக்கில் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். நாற்பத்திரண்டு வயது. இரண்டாவது பிள்ளை பிறந்த கையோடு, இருபத்து நாலு வயதிலேயே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர். "கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் டெஸ்ட் எடுக்கப் போலாமா அக்கா?" என்று போன மாதம் கேட்டேன். "நான் வெத்தல பாக்கே போடறதில்லையே கண்ணு, எனக்கு எதுக்கு வாய்ப் புத்து வரப்போவுது?" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் சங்கடமாகிவிட்டது. நோயின் பெயரைக்கூட யாரும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னதில்லை.

கூவக் கரையிலிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் கொண்டுவந்து குடிவைக்கப்பட்டவர்கள் நாங்கள். இங்கே ஒரு பெண் மாசமாக இருந்தால் அரசாங்கம் அவளைத் தேடி வரும். அதை மறுக்க மாட்டேன். பிக்மி எண் என்று கர்ப்பிணிகளுக்கான பதிவு எண் போடுவார்கள், இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள், ஸ்கேனுக்கு வரவில்லை என்றால் நர்சம்மா போன் போட்டுத் திட்டுவார். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் வரை கிடைக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. என் ஆயா காலத்தில் குடிசைக்குள்ளேயே பெற்றுப் போட்டார்கள். இது சாதாரண மாற்றமில்லை.

ஆனால் அந்தப் பிக்மி எண்ணுக்கு வேலை முடிந்ததும் பெண்ணும் காணாமல் போய்விடுகிறாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போவாள், அங்கே குழந்தையின் எடையைத்தான் பார்ப்பார்கள். வருஷக்கணக்காக வெள்ளைப்படுகிறது, மாதவிலக்கு பதினைந்து நாள் நிற்காமல் போகிறது, தும்மினால் சிறுநீர் கசிகிறது. இதையெல்லாம் நோய் என்றே எங்கள் பெண்கள் நினைப்பதில்லை. "உடம்பு சூடு" என்று சொல்லி வெந்தயத்தை விழுங்கிவிட்டு வேலைக்குக் கிளம்புவார்கள். தாங்க முடியாமல் போனால் மெடிக்கலில் மாத்திரை. அதற்கும் மேலே போனால் ஏதாவது ஒரு தனியார் நர்சிங் ஹோம். என் சித்தியிடம் அப்படி ஓர் இடத்தில், "பிள்ளைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பை இனிமே எதுக்கு?" என்று கேட்டார்கள். கந்துவட்டிக்குப் பணம் வாங்கி, கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. வேறு வைத்தியம் இருந்ததா என்று கேட்கவேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

ஆபரேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. அதே குடும்பநல ஆய்வு நாடு முழுக்க எடுத்த கணக்கில், 15-49 வயதுள்ள மணமான பெண்களில் தாங்களே கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம், கணவர் செய்துகொண்டது 0.3. ஆண்களுக்கானது தையல்கூட இல்லாத சின்னச் சிகிச்சை. எங்கள் தெருவில் சொல்லிப் பாருங்கள், "பாரம் தூக்கறவன், நான் எப்படிப்பா?" என்பார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவள் யாராம்?

சரி, டெஸ்டுக்கு வருகிறேன். அது பெரிய விஷயமே இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர் மாதிரியான ஒன்றைக் கர்ப்பப்பையின் வாயில் தடவிப் பார்ப்பார்கள். சந்தேகத்துக்குரிய இடம் வெள்ளையாக மாறும். சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். முப்பது வயதிலிருந்து ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கவேண்டும் என்று 2016லேயே மத்திய அரசு வழிமுறை போட்டது. புற்றாக மாறுவதற்குப் பல வருஷம் முன்பே பிடித்துவிடலாம் என்பதால்தான் இதற்கு இவ்வளவு மதிப்பு.

பிறகு ஏன் போவதில்லை? கூச்சம் என்று மீட்டிங்கில் சொல்வார்கள். கூச்சம் உண்டுதான், திரைச்சீலை சரியாக மூடாத அறையில் யாருக்குத்தான் இருக்காது? ஆனால் முதல் காரணம் நேரம். அக்கா காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து மூன்று வீடு முடித்துத் திரும்ப நாலு மணி ஆகும். அதில் ஒரு வீட்டில் பாத்ரூமைக் கழுவலாம், பயன்படுத்தக் கூடாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை, அடிக்கடி நீர்க்கடுப்பு. இவர் எந்தக் காலையில் போய் ஓ.பி. வரிசையில் நிற்பது? லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 2013இல் தேசிய நகர்ப்புறச் சுகாதாரத் திட்டம் வந்தபோது, ஆரம்ப சுகாதார நிலையம் மதியம் 12 முதல் இரவு 8 வரை இயங்கலாம் என்றுதான் எழுதி வைத்தார்கள். எழுதியவருக்கு எங்கள் அக்காக்களைத் தெரிந்திருக்கிறது. புதிதாக ஒரு திட்டமும் வேண்டாம், மாலையில் ஒரு பெண் டாக்டரும் பூட்டக்கூடிய ஓர் அறையும் போதும்.

போன ஞாயிறு மறுபடி அக்காவிடம் உட்கார்ந்து, எந்த வாய், என்ன டெஸ்ட் என்று படம் போட்டுக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். எப்போது போகலாம் என்றதற்கு, "மே மாசம் அடையாறு வீட்டம்மா ஊருக்குப் போவாங்க. அப்போ போலாம்" என்றார்.