ஒரே மாலையில் முடிந்துபோகும் படங்கள்

கொழும்பில் பரிசோதனைத் திரைப்படங்களுக்குப் பார்வையாளர்கள் இல்லை என்று படம் எடுக்கும் நண்பர்களே சொல்லும்போது எனக்கு உடன்பட மனம் வருவதில்லை. ஒரு படத்தை வார நாளொன்றில் மாலை ஆறு மணிக்குக் கொழும்பு 7இல் ஒரு கலாசார நிலையத்தில் ஒரேயொரு தடவை காட்டிவிட்டு, மறுநாளே அதைக் கணினிக்குள் பூட்டி வைத்துக்கொண்டால் எந்தப் படத்துக்குத்தான் ஆட்கள் சேர்வார்கள்? கொட்டாஞ்சேனையில் வேலை முடித்துப் புறப்படுகிறவர் அந்த நேரத்து நெரிசலைத் தாண்டி வருவதற்குள் படம் பாதி ஓடியிருக்கும். வணிகப் படத்துக்குச் சுவரொட்டியும் பாட்டும் நடிகரின் முகமும் முன்னரே வந்து வேலை செய்துவிடுகின்றன. கதை என்று சொல்ல எதுவுமில்லாத, பதினைந்து நிமிடம் மட்டுமே ஓடுகிற படத்துக்கு அதைப் பார்த்தவர்களின் பேச்சைத் தவிர வேறு விளம்பரம் கிடையாது. அந்தப் பேச்சு பரவத் தொடங்கும் நேரத்தில் படம் ஊரில் இருப்பதில்லை.

ஜெர்மன் கலாசார நிலையமான கோதே நிறுவனத்தையோ பிரெஞ்சுக் கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸையோ, 2013 முதல் நடந்துவரும் கொழும்புஸ்கோப் கலை விழாவையோ குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்கள் இடம் தராவிட்டால் இந்தப் படங்களில் பலவற்றை நாம் பார்த்தே இருக்கமாட்டோம். ஆனால் ஒரு நிறுவனத்தின் நிகழ்ச்சி நிரலில் அடுத்த வாரம் வேறொன்று காத்திருக்கும்; ஒரு படத்தைத் தொடர்ந்து சுமந்துகொண்டு திரிவது அவர்களுடைய பொறுப்பல்ல. அது படம் எடுத்தவரின் வேலை. இங்குள்ள சுயாதீன நெறியாளர்களில் பலர் படத்தொகுப்பு முடிந்ததோடு தம் வேலையும் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் என் மனக்குறை.

அமெரிக்கப் பரிசோதனைப் பட நெறியாளர் மாயா டெரன் அப்படி நினைக்கவில்லை. கணவர் அலெக்சாண்டர் ஹாமிட்டுடன் சேர்ந்து 1943இல் தம் வீட்டிலேயே எடுத்த முதற்படத்தையும், அதன்பின் எடுத்த இரண்டு படங்களையும் காட்டுவதற்கு அவர் எவருடைய அழைப்புக்கும் காத்திருக்காமல், 1946இல் நியூயோர்க்கில் புரொவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் என்ற சிறிய நாடக அரங்கைத் தாமே வாடகைக்கு எடுத்தார். பல்கலைக்கழகங்களுக்குப் படச்சுருளோடு போய் உரையாற்றினார், கட்டுரைகள் எழுதினார். அன்று காட்டிய மூன்றில் ஒன்று டாலி பீட்டி என்ற நடனக் கலைஞருடன் சேர்ந்து 1945இல் உருவாக்கிய, ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும் மௌனப் படம். காட்டுக்குள் நிற்கும் பீட்டி காலை மெல்ல உயர்த்துகிறார். அதே கால் கீழே இறங்கும்போது அவர் ஒரு வீட்டின் அறைக்குள் நிற்கிறார். வெட்டு எங்கே விழுந்தது என்பதைக் கண் கவனிப்பதற்குள் உடல் அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. முதற்தடவை பார்ப்பவருக்கு அது ஒரு வித்தையாகத் தோன்றலாம். இரண்டாம் தடவைதான் அந்த அசைவை நடனக் கலைஞரும் கமராவும் படத்தொகுப்பும் பகிர்ந்துகொண்டு செய்திருப்பது தெரியும். இத்தகைய படத்தை ஒரு தடவை மட்டும் காட்டுவது பார்வையாளருக்குச் செய்யும் அநியாயம்.

மௌனப் படம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அண்மையில் இங்கு ஒரு மண்டபத்தில் ஒலியே இல்லாத குறும்படம் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கி பழுதாகிவிட்டதென்று நினைத்த உதவியாளர் திரைக்கு முன்னால் குனிந்தபடி போய் ஒவ்வொரு வயராகக் கழற்றி மாட்டினார். அவருடைய நிழல் படத்தின் மீது ஆடியது. அவரைக் குற்றம் சொல்ல நான் தயாரில்லை. காட்டப்போவது என்ன படம் என்பதை அவரிடம் முன்கூட்டிச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லையே!

டெரனின் திரையிடலைப் பார்த்த ஏமோஸ் வோகல், அதே அரங்கில் 1947இல் 'சினிமா 16' என்ற திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு படத்தையும் தணிக்கைக்கு அனுப்புவது கையைக் கடித்ததால், அங்கத்தவர்களுக்கு மட்டும் காட்டும் கழகமாக அதை மாற்றினார். ஆண்டுச் சந்தா கட்டியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். உச்சக்கட்டத்தில் அதன் அங்கத்தவர் தொகை 7000ஐ எட்டியது. பேசும் படம் வருவதற்கு முன்பே, 1912இல் இயற்றப்பட்ட சட்டத்தைத் திரைப்படத் தணிக்கைக்கு இன்னமும் வைத்துக்கொண்டிருக்கும் நம் நாட்டில், இந்த வரலாறு கூடுதலாகப் பேசப்பட வேண்டியது.

சர்வதேச விழாக்களும் ஒரு தடைதான். பெரிய விழாக்கள் பல, படம் வேறெங்கும் காட்டப்படாமல் தம்மிடம் முதலில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஆகவே வெளிநாட்டுச் சுற்று முடியும்வரை படம் எடுக்கப்பட்ட ஊரே காத்திருக்கிறது. வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி ராஜீ சமரசிங்க எடுத்த 'யுவர் டச் மேக்ஸ் அதர்ஸ் இன்விசிபிள்' 2025இல் ரொட்டர்டாம் விழாவின் போட்டிப் பிரிவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அது பெரிய கௌரவம், நெறியாளருக்கு அவசியமானதும்கூட. இருந்தாலும் வருடக்கணக்காகப் பிள்ளைகளின் படங்களைக் கையிலேந்தி வீதியோரத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரைப் பற்றிய படங்கள் முதலில் ஐரோப்பாவுக்குப் போகும்படி அமைந்திருக்கும் இந்த ஒழுங்கை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

கூட்டுமுயற்சி என்ற சொல்லை இத்துறையில் எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். கூட்டாளிகள் யார் என்று கேட்டால்தான் பட்டியல் சுருங்கிவிடுகிறது. இலங்கையில் எடுக்கப்பட்ட பரிசோதனைப் படங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றான 'சோங் ஒஃப் சிலோன்', தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பிரித்தானிய நெறியாளர் பசில் ரைட் 1934இல் முடித்த படம். ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய 1681ஆம் ஆண்டு நூலிலிருந்து எடுத்த வரிகளைக் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் வாசிக்கிறார். மூன்றாம் பகுதியில் உழைப்பவர்களின் காட்சிகள் மீது சந்தை விலைகளும் வணிகக் கடிதங்களின் வாசகங்களும் அடுக்கடுக்காக ஒலிக்கின்றன. வால்டர் லீ அமைத்த அந்த ஒலி இன்றும் புதிதாக இருக்கிறது. ரைட்டின் பெயர், லீயின் பெயர், வென்ட்டின் பெயர் எல்லாம் நமக்குத் தெரியும். கமராவின் முன்னால் நின்று உழைத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. தொண்ணூறு வருடங்களுக்குப் பின்னும் நம் குறும்படங்களில் மலையகப் பாட்டியின் குரல் முழுப் படத்தையும் தாங்கி நிற்க, இறுதியில் 'கிராமத்து மக்களுக்கு நன்றி' என்ற ஒற்றை வரி ஓடுகிறது. அவருடைய பெயரைப் போடுங்கள். படம் முடிந்ததும் அவர் வாழும் தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு திரை கட்டிக் காட்டுங்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியமல்ல. ஒரு படத்தைக் கொழும்பு 7இல் ஒரு தடவை காட்டினால், வெள்ளவத்தையில் ஒரு தடவையும் கொட்டாஞ்சேனையில் ஒரு தடவையும், இயலுமானால் ஞாயிற்றுக்கிழமையில், காட்டுங்கள். குறும்படமாக இருந்தால் கலந்துரையாடலுக்குப் பின் அதே இருக்கைகளில் அமர்ந்திருப்பவர்களுக்கு மறுபடியும் ஓட்டுங்கள். தமிழில் கேள்வி கேட்பவருக்குத் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கிக் கூட்டத்தின் பின்வரிசையில் மௌனமாக இருப்பவர்களிடம்தான் பெரும்பாலும் நல்ல கேள்விகள் இருக்கின்றன. கடவுச்சொல்லுடன் இணைப்பை அனுப்பி, கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும்படி கேட்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

கட்டணமும் வாங்குங்கள். இலவசத் திரையிடல் தாராள மனதின் அடையாளமாகத் தோன்றினாலும், மண்டபத்துக்கும் தேநீருக்கும் செலவழிக்க வழியிருக்கும்போது படத்துக்கு மட்டும் விலையில்லை என்ற பழக்கத்தை அது வளர்த்துவிட்டது. நெறியாளர்களே சேர்ந்து தம் படங்களை விநியோகிப்பதற்காக நியூயோர்க்கில் 1962இல் உருவாக்கிய திரைப்படக்காரர் கூட்டுறவில் தம் படத்துக்கான வாடகையை நெறியாளரே தீர்மானித்தார். நம்மிடம் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கேட்டால் வருபவர்கள் வரத்தான் போகிறார்கள். அதில் ஒரு பங்கு ஒலிப்பதிவாளருக்கும், உபதலைப்பு எழுதியவருக்கும், அன்று புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்றவருக்கும் போகட்டும்.