போஜொலே வெறும் பழச்சாறா?

போஜொலே என்ற பிரெஞ்சு ஒயின் வெறும் பழச்சாறு, அது என்றாலே நவம்பர் மூன்றாவது வியாழனன்று வரும் 'நூவோ' என்ற அந்த வருடப் புது ஒயின்தான் என்பதுபோல் உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நூவோ பச்சிளசு, வாழைப்பழ வாசனைகூட அடிக்கும், சரி. ஆனால் அதே கமே திராட்சை, போஜொலே பகுதியின் வடக்கே ஃப்ளூரி ஊரின் கருங்கல் மண்ணில் விளைந்தால் வேறு ஆள்! பூவாசம், பட்டுபோல் மென்மை. பக்கத்து மோர்கோன் இன்னும் கனம். செர்ரி மணம், சில வருடம் வைத்திருந்தால் மண்வாசனையும் சேரும். இப்படித் தனிப்பெயர் பெற்ற போஜொலே பகுதிகள் மொத்தம் 10. குலையை நசுக்காமல் அப்படியே புளிக்க விடுவதால் துவர்ப்பு குறைவு, புதிதாகக் குடிப்பவருக்கும் தொண்டையில் இறங்கும்.

1395-ல் பர்கண்டி கோமகன் பிலிப் இந்தக் கமே கொடியைத் 'துரோகி' என்று திட்டி வெட்டச் சொன்னார். பாவம், அவர் ஃப்ளூரியைக் குடித்திருக்கமாட்டார். அப்புறம், 13 டிகிரிக்குக் குளிரவைத்து ஊற்றுங்கள்.